கங்காணி வீட்டு கிராமபோன்

அன்புள்ள ஐயா,

பண்டாரவளையிலிருந்து எழுதுகிறேன். தோட்டத்தில் பெரிய கங்காணியாக இருந்த கொள்ளுத்தாத்தாவின் எச்.எம்.வி. சூட்கேஸ் கிராமபோன் எங்களிடம் இருக்கிறது. சாவி கொடுத்து ஓடவிட்டால் உள்ளே ‘டொக், டொக்’ என்று அடிக்கிறது. பாதித் தட்டிலேயே வேகம் இறங்கிவிடுகிறது. டவுனில் ரேடியோ திருத்துகிறவர், ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு கசட் பிளேயர் மோட்டாரைப் பூட்டித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கொடுக்காதீர்கள். பாதித் தட்டுவரை ஓடுகிறதென்றால் ஸ்பிரிங் பெரும்பாலும் முறிந்திருக்காது. கிறீஸ் காய்ந்து கட்டியானதால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். விரியும்போது சட்டென்று விடுபடுவதுதான் அந்தச் சத்தம். மண்ணெண்ணெயில் கழுவி, கிராஃபைட் கலந்த கிறீஸ் பூசினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சாவியை முழுதாக இறக்கிய பிறகும் ஸ்பிரிங் தன் பெட்டிக்குள் அழுத்தத்தோடுதான் இருக்கும். வெளியே பாய்ந்தால் கையைக் கிழித்துவிடும், பழகியவரே திறக்கட்டும். நம் பக்கத்து மூடுபனியில் துருப்பிடித்து முறிந்திருந்தாலும்கூட, அகலம், தடிப்பு, நீளம் அளந்து புதியது வரவழைக்கலாம். தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்குக் கரண்ட் வராத காலத்தில் பாடிய பெட்டி அது. அந்த ஸ்பிரிங்கை எறியச் சொல்ல எனக்கு மனம் வராது.

கரண்டில் ஓட்டுவதை நான் குறையாகச் சொல்லவில்லை. எடிசன் 1888இல் மேம்படுத்திய ஃபோனோகிராஃபே பற்றரி மோட்டாரில் சுழன்றதுதான். ஆனால் கசட் மோட்டார் இதற்கு ஆகாது. இன்றைய ரெக்கார்ட் பிளேயரின் ஊசி சில கிராம் எடையோடு தட்டில் அமர்கிறது; உங்கள் கிராமபோனில் ஊசியைப் பிடித்திருக்கும் சவுண்ட் பாக்ஸ் 100 கிராமுக்கு மேல் அழுத்தும். பாட்டு உரத்து எழும்போது இழுவை இன்னும் கூடும், வலுவில்லாத மோட்டார் தளரும், சுருதி இறங்கும். பற்சக்கரம் பூட்டிய, வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய 12 வோல்ட் மோட்டார் வேண்டும்.

அதையும் பழைய பலகையில் துளையிட்டுப் பூட்ட வேண்டாம். அதே அளவுக்குப் பிளைவுட் வெட்டி அதில் பூட்டுங்கள். பழைய மோட்டாரைப் பலகையோடு எடுத்து, எண்ணெய்த் துணியில் சுற்றி வையுங்கள். நாளை உங்கள் பேத்திக்குச் சாவி கொடுத்துக் கேட்க ஆசை வந்தால் சில திருகாணிகளைக் கழற்றினால் போதும்.

வேகம் பார்க்க, தட்டுக்கடியில் ஒரு கடதாசித் துண்டை நீட்டி வைத்து, ஊசி இறங்கிய நிலையிலேயே எண்ணுங்கள்: நிமிடத்துக்கு 78 சுற்று. இரும்பு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்றுங்கள். தேய்ந்த ஊசி தட்டின் பள்ளத்தைச் சுரண்டிவிடும். தட்டில் பூஞ்சணம் பிடித்திருந்தால் ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், தட்டில் உள்ள அரக்கு கரைந்துவிடும்.