எடையைக் குறைத்தால் ஓட்டம் வேகமாகுமா?

கேள்வி: எங்களுக்கு மன்னார்குடி பக்கம். என் மகளுக்கு 16 வயது, பள்ளியில் 100 மீட்டர் ஓடுகிறாள். உயரம் 158 செ.மீ., எடை 54 கிலோ. போன வருடம் 13.4 வினாடி, இந்த வருடமும் அதே. ஐந்து கிலோ குறைத்தால் நேரம் தானாக இறங்கும் என்று யாரோ சொல்ல, ராத்திரி சோற்றை நிறுத்திவிட்டாள். பத்து நாளில் இரண்டு கிலோ குறைந்திருக்கிறது. இப்படியே தொடரலாமா?

வேண்டாம் அம்மா. இன்று ராத்திரியே சோறு போடுங்கள்.

அந்த இரண்டு கிலோவைப் பற்றி முதலில் சொல்கிறேன். சோற்றின் மாவுச்சத்தைத் தசைகள் கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கும். அதில் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரும் கூடவே தங்கும். சோற்றை நிறுத்தினால் இரண்டும் ஒன்றாக இறங்கிவிடும். அவளுக்குக் குறைந்ததில் பெரும்பங்கு இதுதான், கொழுப்பு கொஞ்சம்தான். பயிற்சியில் திரும்பத் திரும்ப வேகமாக ஓடக் கால்களுக்குத் தேவையான சரக்கே அந்தக் கிளைகோஜன்தான்.

எடை குறைந்தால் வேகம் வரும் என்பதில் பாதி உண்மை இருக்கிறது. ஓட்டத்தின் உச்சத்தில் பாதம் தரையில் இருப்பது ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்தான். அதற்குள் உடல் எடையைப் போல இரண்டு மடங்கு விசையைக் கால் தரைக்குக் கொடுத்தாக வேண்டும். உங்கள் மகளுக்கு அது நூறு கிலோவுக்கு மேல். இடுப்பில் தேவைக்கு மீறிய கொழுப்பு இருந்தால் அது வெறும் சுமை. ஆனால் தரையை உதைப்பது தொடையும் பிட்டமும் கெண்டைக்காலும். பட்டினியில் கொழுப்போடு அந்தத் தசையும் கரையும். 158 செ.மீ. உயரத்துக்கு 54 கிலோ சரியான எடைதான். ஐந்து கிலோ குறைக்க அவளிடம் எதுவும் கூடுதலாக இல்லை.

மாரத்தான் வீரர் கிப்சோகேயின் எடை சுமார் 52 கிலோ. 100 மீட்டரை 10.60 வினாடியில் ஓடிய ஜமைக்காவின் ஷெல்லி-ஆன் ஃப்ரேசர்-பிரைஸும் சுமார் 52 கிலோதான். ஆனால் அவர் கிப்சோகேயைவிட 15 செ.மீ. குள்ளம்! அந்த உயரத்தில் அத்தனை எடை என்றால் அதில் எவ்வளவு தசை இருக்கும் என்று யோசியுங்கள். அதே 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடிய உசைன் போல்ட் 94 கிலோ. வேக ஓட்டத்துக்கு இதுதான் எடை என்று ஓர் எண்ணே கிடையாது.

நானும் பள்ளி நாட்களில் போட்டிக்கு முந்தின வாரம் இரண்டு இட்லியோடு படுத்தவன்தான். கடைசி இருபது மீட்டரில் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. அந்தத் தவறை இன்றைக்கும் பிள்ளைகள் செய்வதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

சரி, வளர்கிற எடை நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தராசோடு டேப்பையும் எடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில் எடை பாருங்கள். அப்புறம் மணலில் ஒரு கோடு போட்டு, நின்ற இடத்திலிருந்து இரண்டு காலாலும் தாண்டச் சொல்லி, குதிகால் பதிந்த தடம் வரை அளந்து நோட்டில் எழுதுங்கள். மூன்று முறை தாண்டியதில் நீளமானது போதும். எடை ஏறி, தாண்டலும் நீண்டால் அது தசை. எடை இறங்கி, தாண்டலும் குறுகினால் சாப்பாடு பத்தவில்லை. எடை மட்டும் ஏறித் தாண்டல் அப்படியே நின்றால் பயிற்சியைத்தான் மாற்ற வேண்டும்.

நேரம் நின்றுபோனதற்குப் பெரும்பாலும் வயதும் ஒரு காரணம். பூப்படைந்த பிறகு பெண் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கொழுப்பு சேர்வது இயற்கை. பலம் அதை எட்டிப்பிடிக்க ஒன்றிரண்டு வருடம் ஆகலாம். அதுவரை தொடைக்கும் இடுப்புக்கும் பலம் சேர்க்கும் வேலை வேண்டும். நம் பக்கம் மலை ஏது, பாமணியாற்றுக் கரைச் சரிவு இருக்கிறதே! இருபது மீட்டர் மேல்நோக்கி ஓட்டம், நன்றாக மூச்சு வாங்கி இளைப்பாறி அடுத்தது. ஆறு முறை, வாரத்தில் இரண்டு நாள். கூடவே ஆசிரியர் மேற்பார்வையில் ஸ்குவாட், அதாவது முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழும் பயிற்சி.

பயிற்சி முடிந்து வந்ததும் சோறு, முட்டை அல்லது மீன், இல்லையென்றால் கெட்டியாகப் பருப்பு. முருங்கைக்கீரை சமைக்கும் நாளில் அதோடு ஒரு நெல்லிக்காயும் கொடுங்கள், இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம், அது தடுத்துவிடும்.

இன்னொன்றை நீங்களேதான் கேட்க வேண்டும்: மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? சாப்பாட்டைக் குறைக்கும் ஓட்டக்காரப் பெண்களுக்கு அது நிற்பதுண்டு, எலும்பும் பலவீனமாகும். மூன்று மாதம் வரவில்லை என்றால் பயிற்சியைக் குறைத்து மருத்துவரிடம் காட்டுங்கள், ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள்.