இளைஞர்கள் மனித மாண்பு, அறம், அரசுக் கொள்கை என்று பேசுவதால் உண்மையில் ஏதாவது மாறுகிறதா, அல்லது படிப்பு முடியும்வரை இருக்கும் ஆர்வம்தானா?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், இப்போதும் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர் என்றும், வீட்டிலோ வகுப்பிலோ யாரோ உங்களிடம் இதே கேள்வியைச் சற்றுக் கடுமையாகக் கேட்டிருக்கிறார்கள் என்றும் தோன்றுகிறது. என்னிடமும் கேட்டார்கள். அதனால்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

2015ஆம் ஆண்டு, தமிழ்நாட்டின் ஒரு மாவட்டத் தலைநகரில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆண்கள் விடுதியின் செப்டிக் டேங்க் நிரம்பி வழிந்தது. லாரி வந்து நீரை உறிஞ்சிவிட்டுப் போனது. ஆனால் லாரியின் குழாய் நீரை எடுக்குமே தவிர, அடியில் இறுகிக் கிடக்கும் சேற்றை எடுக்காது. அதைக் கிளறுவதற்கு ஒப்பந்தக்காரர் ஒரு தொழிலாளியை அழைத்து வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். உடலில் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு, இடுப்பில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டிக்கொண்டு, கையில் மண்வெட்டியோடு இறங்கினார். முகமூடி, கையுறை, பூட்ஸ் எதுவுமில்லை. வாயு இருக்கிறதா என்று பார்க்கும் கருவியும் இல்லை.

கால் மணி நேரத்தில் மேலே வந்து அமர்ந்தபோது அவருடைய குதிகாலிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. உள்ளே கிடந்த சவரப் பிளேடு கிழித்திருந்தது. "தம்பி, கொஞ்சம் தண்ணி குடுப்பா" என்று அவர் கேட்டார். எங்களில் ஒருவன் கழிவறைக் குவளையைத்தான் எடுத்து நீட்டினான். அவரும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக் காலைக் கழுவிவிட்டு, மிச்சத்தைக் குடித்தார். அந்தப் பிளேடு எங்கள் அறைகளிலிருந்து போனது, அந்தக் குவளை எங்கள் கையிலிருந்து போனது. மனித மாண்பு என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அந்தக் குவளைதான்.

விடுதிக் காப்பாளரிடம் போய்க் கேட்டோம். "அவங்க பழகினவங்கப்பா, நீங்க போய்ப் படிங்க" என்றார். பிறகு மூன்று பேர் சேர்ந்து சட்டத்தைத் தேடிப் படித்தோம். மனிதர்கள் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்து 1993லேயே ஒரு சட்டம் வந்திருக்கிறது. 2013ல் அதைவிட விரிவான சட்டம் வந்திருக்கிறது. அதன் 7ஆம் பிரிவு, சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் அபாயகரமான சுத்திகரிப்புக்கு யாரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ அமர்த்தக் கூடாது என்கிறது. முதல் முறை மீறினால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிணையில் விட முடியாத குற்றம்.

எங்களை நிறுத்தியது விளக்கப் பிரிவில் இருந்த ஒரு வரி. பாதுகாப்புக் கவசமும் முன்னெச்சரிக்கையும் இல்லாமல் கையால் செய்யவைப்பதே 'அபாயகரமான சுத்திகரிப்பு' என்று அதில் இருக்கிறது. அப்படியானால் கவசம் கொடுத்ததாக ஏட்டில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும், யாரும் தப்பிக்கலாம். எனவே நகராட்சிக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு எழுதியபோது, கவசம் கொடுக்கிறீர்களா என்று கேட்கவில்லை; கடந்த மூன்று ஆண்டுகளில் கவசங்களும் வாயு கண்டறியும் கருவிகளும் வாங்கிய ரசீதுகளின் நகலைக் கேட்டோம். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பினோம். முப்பது நாளில் பதில் வரவில்லை. முதல் மேல்முறையீட்டுக்குப் பிறகு வந்த பதிலில் இரண்டே ரசீதுகள் இருந்தன: கையுறைகளுக்கு ஒன்று, பூட்ஸுக்கு ஒன்று. வாயு கண்டறியும் கருவி ஒன்றுகூட வாங்கப்படவில்லை.

அந்த நகலோடும், சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்போடும் கல்லூரி முதல்வரிடம் போனோம். (2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் அத்தொகையை முப்பது லட்சமாக உயர்த்தியது.) அடுத்த ஒப்பந்தத்தில், எந்தக் காரணத்துக்காகவும் ஆளை உள்ளே இறக்கக் கூடாது, சேற்றை நீர் பாய்ச்சிக் கரைத்து இயந்திரத்தால் மட்டுமே எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. ஒவ்வொரு தளத்திலும் பிளேடு போட ஒரு மூடிய டப்பா வைத்தார்கள். நடந்தது இவ்வளவுதான். ஒரு விடுதி மாறினால் நாடு மாறிவிடுமா என்று சிலர் கேட்கக்கூடும். மாறாது என்பது எனக்கும் தெரியும். நான் அந்தத் தொழிலுக்குத் தள்ளப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவன் அல்லன். அவர்கள் வலியை என்னுடையதாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஆனால் கோலார் தங்க வயலில் அத்தகைய குடும்பத்தில் பிறந்த பெஜவாடா வில்சன், மலத்தை ஆள் வைத்து அள்ள வேண்டியிருந்த உலர் கழிவறைகளை எதிர்த்து அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதத் தொடங்கியபோது அவருக்கு இருபது வயது. அவர் இணைந்து தொடங்கிய சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்ற துப்புரவுத் தொழிலாளர் இயக்கம் தொடுத்த வழக்கில்தான் அந்த 2014 தீர்ப்பு வந்தது. இளம் வயதின் ஆர்வம் என்று அதையும் ஒதுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. ஒவ்வொரு மரணத்தின்போதும் நாளிதழ்கள் 'விஷவாயு தாக்கிப் பலி' என்று எழுதுகின்றன. வாயு யாரையும் தேடிப் போய்த் தாக்குவதில்லை. செப்டிக் டேங்கில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு அளவு மீறினால் மூக்கு அதன் நாற்றத்தையே உணராமல் போய்விடும். உள்ளே இருப்பவருக்கு எச்சரிக்கையே கிடைக்காது. அதைத் தெரிந்தும் கருவியில்லாமல் இறக்கியவரின் பெயர் அந்தத் தலைப்பில் வருவதே இல்லை.

எங்களால் செய்ய முடியாமல் போனதும் உண்டு. ஒப்பந்தக்காரர்மீது காவல் நிலையத்தில் புகார் கொடுக்க அந்த மனிதரின் வாக்குமூலம் வேண்டியிருந்தது. அவர் வீட்டைத் தேடிப் போனோம். குதிகால் காயத்துக்குத் துணி சுற்றியிருந்தார். நாங்கள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கேஸுன்னு போனா நாளைக்கு யாரும் கூப்பிட மாட்டாங்க தம்பி, வேற வேலையும் தர மாட்டாங்க" என்றார். மாற்று வேலையை ஏற்பாடு செய்யும் வழி எங்களிடம் இருக்கவில்லை. வற்புறுத்தாமல் திரும்பினோம். கிளம்பும்போது அவருடைய மனைவி எவர்சில்வர் டம்ளரில் எங்கள் மூவருக்கும் தண்ணீர் கொடுத்தார்.