கேள்வி – பதில்: பஞ்சாபிப் படங்களில் கல்லூரித் தேர்தல்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் கைப்பேசியில் பஞ்சாபிப் படங்களைச் சப்டைட்டிலோடு பார்க்கிறான். மாணவர் தேர்தலில் தொடங்கும் கதை துப்பாக்கிச் சூட்டில் முடிகிறது. அங்கே நிலைமை உண்மையிலேயே அப்படித்தானா?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது, அம்மா. பாடகர் சித்து மூசேவாலா 2022 மே 29 அன்று மான்சா மாவட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கின் குற்றப்பத்திரிகையில் இடம்பெற்ற ரவுடிக் கும்பல் தலைவர் லாரன்ஸ் பிஷ்னோய், சண்டிகரில் படித்தபோது ‘சோபு’ என்ற மாணவர் அமைப்பில் இருந்தவர்தான். பஞ்சாப் மாநிலக் கல்லூரிகளில் 1984 முதல் மாணவர் தேர்தல் நிறுத்தப்பட்டுவிட்டதால், தேர்தல் என்றாலே யூனியன் பிரதேசமான சண்டிகரிலுள்ள பஞ்சாப் பல்கலைக்கழகம்தான் நினைவுக்கு வரும். படங்களும் அங்கேயே சுற்றுகின்றன.

ஆனால் திரையில் வருவது அந்த வளாகத்தின் ஒரு மூலை மட்டுமே. லிங்டோ குழுவின் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2006இல் ஏற்றதிலிருந்து, மாணவர் தேர்தலில் ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவிடக் கூடாது. அச்சடித்த சுவரொட்டியும் கூடாது, கையால் எழுதியதைத்தான் ஒட்டலாம். படத்து நாயகன் ஓட்டுக் கேட்கப் போகும் ஜீப் வரிசைக்கு ஒரு நாள் டீசலுக்கே அந்தப் பணம் போதாது! 2018இல் அதே பல்கலைக்கழகத்தில் கனுப்ரியா என்ற மாணவி, மாணவர் பேரவையின் முதல் பெண் தலைவராக வென்றார். பெண்கள் விடுதியின் வாசலை இரவில் பூட்டக் கூடாது என்று மாணவிகள் வாரக்கணக்கில் தர்ணா இருந்து, அந்த ஆண்டு முடிவதற்குள் அதைச் சாதித்தும் காட்டினார்கள். எனக்குத் தெரிந்து இதைக் கதையாக்க எந்தத் தயாரிப்பாளரும் முன்வரவில்லை.

களியக்காவிளையைத் தாண்டி நமக்கு வரும் மலையாளப் படங்களில், கல்லூரி அரசியல் என்றால் கொடியும் கோஷமும் சுவரெழுத்தும் முதலில் வரும், அடிதடி பின்னால் வரும். நான் பார்த்த பஞ்சாபிப் படங்களிலோ நண்பனுக்காக அடிக்கிறான், கௌரவத்துக்காகச் சுடுகிறான்; எந்தக் கோரிக்கைக்காகத் தேர்தலில் நிற்கிறான் என்பது கடைசிவரை தெரிவதில்லை. அடுத்த முறை மகன் பார்க்கும்போது அருகில் உட்கார்ந்து, ‘இவன் ஜெயித்தால் கல்லூரியில் என்ன மாறும்?’ என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: இத்தகைய படங்களைத் தடை செய்துவிட்டால் என்ன?
– வாசகர், தக்கலை

பதில்: செய்தும் பார்த்தார்கள். 2020 பிப்ரவரியில் ‘ஷூட்டர்’ என்ற படத்தைப் பஞ்சாப் அரசு தடை செய்தது; 2022 நவம்பரில் ஆயுதங்களைப் புகழும் பாடல்களுக்கும் தடை வந்தது. மூசேவாலா கொலை இந்த இரண்டு தடைகளுக்கும் நடுவில் நடந்தது.