அரசு நம் விஷயத்தில் அளவுக்கு மீறி மூக்கை நுழைக்கிறது என்று நீங்கள் உணர்ந்தது எப்போது?

திருத்துறைப்பூண்டியில் பதினாறு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, நெல் கொள்முதல், பிள்ளைக்குச் சாதிச் சான்று, எதுவானாலும் ஆதார் ரெண்டு காப்பி. “எதுக்கும் இருக்கட்டும்” என்று மூணாவதாக ஒன்று. சம்பா அறுப்பு சமயத்தில் மிஷின் சூடு ஆறுவதே இல்லை. என் சோறே அதில்தான், அதனால் இதைப் பற்றிப் புலம்ப எனக்கு யோக்கியதை கிடையாது.

2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்றது. ரேஷன், மானியத்துக்குக் கேட்கலாம் என்று விட்டுவிட்டது. சரி, கொஞ்சம் கூட்டம் குறையும் என்று பார்த்தேன். குறையவில்லை. ஒரு நாள் பக்கத்துக் கடையில் வடை வாங்கினேன். மடித்துக் கொடுத்த தாளில் ஒரு அம்மாவின் முகம், கீழே பன்னிரண்டு இலக்கம், எண்ணெய் ஊறிப்போய். கோணலாக விழுந்தது என்று நான் கசக்கிப் போட்ட காப்பி! அன்றிலிருந்து கெட்டுப்போன காப்பியை நாலாகக் கிழித்துத்தான் போடுகிறேன்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். போன வருஷம் ஒரு பையன் ஐம்பது காப்பி எடுத்துப் போனான். எங்கள் ஊர்ப் பக்கம் எரிவாயுக் கிணறு வேண்டாம், கிராம சபைக்கு வாருங்கள், தீர்மானம் போடுவோம். அவ்வளவுதான் அதில் இருந்தது. டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி 2020லேயே சட்டம் வந்தாயிற்று, அந்தத் தாள் புதிதாக என்ன சொல்லிவிட்டது?

ரெண்டு நாள் கழித்து மஃப்டியில் ஒரு ஏட்டு வந்தார். தன்மையான மனுஷர். அந்த நோட்டீஸை மேஜையில் விரித்து, “இது உங்க மிஷின்ல போட்டதுதானே? ஓரத்துல கறுப்புக் கோடு பாருங்க” என்றார். டிரம்மில் ஒரு கீறல், எந்தக் காப்பி எடுத்தாலும் இடது ஓரம் மயிரிழையாய் ஒரு கோடு விழும். மாற்றக் காசில்லாமல் தள்ளிப்போட்டிருந்தேன். “யாரு குடுத்தா? சும்மா தெரிஞ்சிக்கத்தான்.” தெரியாது என்றேன். நிமிர்ந்து என் கேமராவைப் பார்த்தார். திருட்டுக்குப் பயந்து நானே காசு கொடுத்து மாட்டியது. பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, “நாளைக்கு ஸ்டேஷன் பக்கம் வந்துட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வக்கீலாக இருக்கும் அக்கா மகன் போனில் கத்தினான். “சாட்சியா விசாரிக்கக்கூட எழுத்துல உத்தரவு குடுத்துத்தான் கூப்பிடணும் மாமா. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல பிரிவு 160, இப்போ அதுக்குப் பதிலா வந்த பி.என்.எஸ்.எஸ்.ல 179. கேளுங்க.” கேட்கவில்லை. போனேன். பெஞ்சில் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். 2017இல் நெடுவாசல், கதிராமங்கலம் போராட்டத்துக்காகத் துண்டறிக்கை கொடுத்த சேலம் மாணவியைக் குண்டர் சட்டத்தில் உள்ளே வைத்ததும், அப்புறம் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ததும் அங்கேதான் ஞாபகத்துக்கு வந்தது. கடைசியில் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமே நடக்கவில்லை. நடந்திருந்தால் கோபமாவது வந்திருக்கும்.

கடையில் பேப்பர் படிக்க வரும் பெரியவர் ஒருவர் மாதம் ஒரு தடவையாவது 1930 கதையைச் சொல்வார். ராஜாஜியின் உப்பு யாத்திரை திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு எங்கள் ஊர் வழியாகத்தான் போனது. தொண்டர்களுக்குச் சோறு, இடம் கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்களாம். யார் கொடுத்தது என்று கேட்டால் மரம்தான்! முன்பெல்லாம் ரசித்துக் கேட்பேன். இப்போது அந்தக் கதை ஆரம்பித்தால் டோனர் பார்க்க உள்ளே எழுந்து போய்விடுகிறேன்.

போன வாரம் ஒரு அம்மா, வாய்க்கால் தூர்வாரச் சொல்லி ஒரு மனு கொண்டுவந்தார். மிஷினில் வைக்கும் முன் முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். “எழுத்துப் பிழை ஏதும் இருக்காண்ணே?” என்று கேட்டார். இல்லம்மா என்று சொல்லி இருபது காப்பி போட்டுக் கொடுத்தேன். ஓரத்தில் கோடு இல்லை. டிரம்மைப் போன மாதமே, கடன் வாங்கி, மாற்றிவிட்டேன்.