நாடகம் போட வேண்டாம், டீச்சர்

வணக்கம் ஐயா,

குடியாத்தம் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். போன ஆண்டு விழாவுக்கு நாடகம் போட்டோம். நன்றாகப் பேசக்கூடிய நாலைந்து பிள்ளைகளே வசனம் முழுவதையும் பேசினார்கள். மற்றவர்கள் மரமாகவும் மலையாகவும் நின்றார்கள். பாடத்தையே நாடகமாக நடத்தலாம் என்று பயிற்சியில் சொல்கிறார்கள். எங்கள் தலைமை ஆசிரியரோ சத்தம் தாங்காது, பாடம் முடியாது என்கிறார். பல பிள்ளைகளுக்கு வீட்டில் தெலுங்கு. வகுப்பில் வாயே திறப்பதில்லை. மூன்றாம் வகுப்புக்கு ஏற்ற நாடகப் பிரதிகள் இருந்தால் அனுப்புவீர்களா?

— ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

பிரதி அனுப்பப் போவதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். பிரதி கைக்கு வந்தால் மறுபடியும் அந்த நாலைந்து பேர்தான் மனப்பாடம் செய்வார்கள். உங்கள் மரங்கள் மரங்களாகவே நிற்கும். ஆண்டு விழா நாடகம் அப்பா அம்மா பார்ப்பதற்கு. அதில் தப்பொன்றும் இல்லை. வகுப்பில் செய்வது செய்கிற பிள்ளைக்காக. அதைப் பார்க்க ஆளே வேண்டாம்.

பழைய வடார்க்காட்டு ஆட்களுக்கு இதை வெளியூரிலிருந்து வந்து யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து பார்த்திருப்பீர்கள். இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் வேஷம் வந்து நின்றதுமே கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் ஆரம்பித்துவிடுவான்: யார் நீ, எந்த நாடு, இங்கே என்ன வேலை? துரியோதனனே ஆனாலும் பதில் சொல்லித்தான் சபைக்கு வர வேண்டும். புரிசை கண்ணப்ப தம்பிரான் போன்றவர்கள் கட்டிக்காத்த அந்தக் கூத்தில் பாட்டுதான் மனப்பாடமானது. நடுவில் வரும் பேச்சு பெரும்பாலும் அந்தந்த ராத்திரியில் பிறப்பது.

இதை அப்படியே வகுப்புக்குள் கொண்டுவாருங்கள். ஒரு துப்பட்டாவை இரண்டு பிள்ளைகள் பிடிக்கட்டும். பின்னாலிருந்து ஒரு பிள்ளை வருகிறாள். ‘நான்தான் பாலாறு.’ உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் கட்டியங்காரர்கள். எங்கே பொறந்த? நந்தி மலையில. எந்த வழியா வர்ற? இன்னாத்துக்கு எப்பவும் காஞ்சே கிடக்குற? 2021 நவம்பர்ல மட்டும் எதுக்கு அவ்ளோ வெள்ளம்? பதில் தெரியாத இடத்தில் பாலாறு திரைக்குப் பின்னால் போய்ப் புத்தகத்தைப் பார்த்துவிட்டோ, உங்களைக் கேட்டுவிட்டோ திரும்பி வரலாம். ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாலும் போதும். பாலாறு ஆந்திரா வழியாகத்தானே நம் பக்கம் வருகிறது? அது தெலுங்கில் பேசினால் என்ன கெட்டுவிடும்? பக்கத்துப் பிள்ளை தமிழில் எடுத்துச் சொல்லட்டும். வாய் திறக்காத உங்கள் பிள்ளைக்கு அன்றைக்கு அதுவே பெரிய வேஷம். ‘கீது’, ‘இன்னா’ என்று வந்தால் நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள். திருத்துவதற்கு எழுதும்போது நேரம் வரும்.

எழுதுவது பற்றிச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் டோரதி ஹீத்கோட் என்று ஓர் அம்மா இருந்தார், 1926இல் பிறந்து 2011இல் மறைந்தவர். 14 வயதில் கம்பளி ஆலைக்கு வேலைக்குப் போனவர். (லுங்கித் தறி ஓடும் குடியாத்தத்துக்காரர்களுக்கு அவரைப் பிடிக்கும்.) பின்னாளில் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களுக்கு நாடகவழிக் கற்பித்தலைச் சொல்லிக்கொடுத்தார். ஓரத்தில் நின்று ‘நடிங்க நடிங்க’ என்று சொல்லாமல், ஆசிரியரும் ஒரு வேஷம் கட்டிக்கொண்டு உள்ளே நுழைய வேண்டும் என்பது அவர் வழி. அதுவும் பிள்ளைகளைவிட விஷயம் குறைவாகத் தெரிந்த வேஷமாக இருந்தால் விசேஷம்.

நீங்கள் வெளியே போய், கையில் ஒரு ஃபைலோடு திரும்பி வாருங்கள். ‘நான் ஆபீஸ்ல இருந்து வரேன், ஊருக்குப் புதுசு. உங்க ஏரியப் பத்தி ஒண்ணும் தெரியாது. மதகு எத்தனை? கடைமடைக்குத் தண்ணி போகுதா?’ என்று கேளுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். கத்தட்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ‘வாயால சொன்னா மேல எடுபடாதுங்க, எழுதிக் குடுங்க’ என்று சொல்லிவிடுங்கள். ‘கடிதம் எழுதுக’ என்று கரும்பலகையில் போட்டால் பென்சில் சீவியே நேரத்தைக் கழிக்கிற பையன் இப்போது ‘ஏரிக்குச் சின்ன ரவா, பெரிய றவா?’ என்று கேட்பான். ஆபீசர் அதற்குப் பதில் சொல்லக்கூடாது. தப்பு இருந்தால் மனு திரும்பி வந்துவிடும் என்று மட்டும் சொல்லுங்கள், அவனே புத்தகத்தைப் புரட்டுவான். இன்னும் எழுத்துப் பழகிக்கொண்டிருக்கும் அரும்பு நிலைப் பிள்ளைகள் ஏரியின் படம் வரைந்து மதகு, கரை, வயல் என்று பெயர் எழுதினால் அதுவும் மனுதான்.

சத்தத்துக்கு ஒரே வழி. முதல் வாரம் வேறெதுவும் செய்யாமல், ஒரு தட்டு தட்டினால் அப்படியே சிலையாக நிற்கப் பழக்குங்கள். கிரீடம், மீசை என்று கைக்காசு செலவழிக்காதீர்கள்.

எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த முடியாது என்பதில் உங்கள் தலைமை ஆசிரியர் பக்கமே நான். வாய்ப்பாடும் எழுத்துக்கூட்டி வாசிப்பதும் தினப்படி பழக்கத்தில்தான் வரும். அவற்றை நாடகமாக்கினால் நாடகமும் கெடும், வாய்ப்பாடும் வராது. வாரத்தில் இரண்டு மூன்று நாள், இருபது நிமிடம் போதும்.

அவரையும் சும்மா விடவேண்டாம். கலெக்டராக ஒரு நாள் வகுப்புக்கு வரச் சொல்லுங்கள், பிள்ளைகள் மனுவை அவரிடமே கொடுக்கட்டும். திங்கட்கிழமையாகப் பார்த்து வரச் சொல்லுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் அன்றைக்குத்தானே மனு வாங்குகிறார்கள்.

அன்புடன்.