கல்லச்சு வாழ்த்து அட்டைகளின் வண்ணம்: கேள்வி பதில்

கேள்வி: பழைய வாழ்த்து அட்டைகளில் ரோஜாவும் குழந்தை முகமும் அவ்வளவு கனிவாக இருக்கின்றன. அதே படத்தை இன்று அச்சடித்தால் சப்பென்று இருக்கிறதே, ஏன் சார்?

மைதான் காரணம். இன்றைய ஆஃப்செட் அச்சில் சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என நான்கே மை. இளஞ்சிவப்புக்குத் தனி மை கிடையாது. வெள்ளைத் தாளில் இடைவெளி விட்டு விழும் மெஜந்தா புள்ளிகளைக் கண்தான் இளஞ்சிவப்பாகக் கூட்டிக்கொள்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதி அட்டைகளில் பெரும்பாலானவை குரோமோலித்தோ, அதாவது பல வண்ணக் கல்லச்சு. அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி அச்சுக்கல்: இளஞ்சிவப்பு ஒரு கல், அடர்சிவப்பு ஒரு கல், தோல் நிறம் ஒரு கல். 8 முதல் 12 கல் வரை சாதாரணம். 20-ஐத் தாண்டியவையும் உண்டு. ஒவ்வொன்றும் அந்த நிறத்துக்கென்றே குழைத்த மை. ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்வதால் ஆழம் வருகிறது. தாளும் பளீர் வெள்ளையல்ல, பாலேட்டு நிறம். அதுவே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

கேள்வி: கல்லில் எப்படிப் படம் அச்சாகிறது? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

செதுக்குவது கிடையாது, இதைப் பலர் தவறாக நினைக்கிறார்கள். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதுதான் மொத்த சூட்சுமம். 1790-களின் இறுதியில் ஜெர்மனியில் அலோய்ஸ் செனஃபெல்டர் இந்த முறையைக் கண்டுபிடித்தார். பல வண்ண முறைக்கு 1837-இல் கோட்ஃப்ருவா எங்கெல்மன் பிரான்சில் காப்புரிமை பெற்றார். ஜெர்மனியில் பவேரியாவின் சோல்ன்ஹோஃபென் சுண்ணாம்புக்கல் இதற்குப் பேர்போனது. அவ்வளவு மென்மையாகவும் சீராகவும் வேறு கல் கிடைப்பது அரிது.

முதலில் மூல ஓவியத்தின் கோட்டுருவத்தை எடுத்து, எல்லாக் கல்லிலும் மங்கலாகப் பதிப்பார்கள். அது வழிகாட்டி மட்டும்தான், அச்சில் வராது. பிறகு ஒவ்வொரு கல்லிலும் அந்த நிறம் வரவேண்டிய இடங்களை மட்டும் கொழுப்பு கலந்த கறுப்பு மையால் வரைவார்கள். இடவலம் மாறியிருக்க வேண்டும். நிழல் வேண்டிய இடத்தில் பேனாவால் புள்ளி புள்ளியாகக் குத்துவார்கள். ஒரு கன்னத்துக்கு நூற்றுக்கணக்கான புள்ளி, அதுவும் நான்கைந்து கல்லில். வரைபவர் கண்முன் இருப்பதெல்லாம் கறுப்புதான். எந்தக் கறுப்பு எந்த நிறமாகும், இரண்டு சேர்ந்தால் என்னவாகும் என்பது அவர் மனக்கணக்கு.

அடுத்து, வேலம்பிசினில் சிறிது நைட்ரிக் அமிலம் கலந்து கல்லில் தடவினால், வரையாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் தன்மை பெறும். கல்லை நனைத்து மை உருளையை ஓட்டினால் மை வரைந்த இடத்தில் மட்டுமே ஏறும். தாளை வைத்து அழுத்த வேண்டியதுதான். பொதுவாக வெளிர் நிறங்கள் முன்னே, அடர் நிறங்கள் பின்னே. ஒவ்வொரு நிறமும் உலர்ந்த பிறகே அடுத்தது.

கெடுவது இங்கேதான். காற்றில் ஈரம் கூடினால் தாள் விரியும், அடுத்த கல் பொருந்தாது. அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே உதடு முகத்தை விட்டு வெளியே போய்விடும். ஓர் அட்டையின் தரம் பார்க்க வேண்டுமா? உதட்டையும் கண்ணையும் முதலில் பாருங்கள்.

கேள்வி: 1843-இல் வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டையும் இந்த முறைதானா?

இல்லை. இங்கிலாந்தில் அரசு அதிகாரி ஹென்றி கோல் கேட்டு ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லி வரைந்த அந்த அட்டையில் கோடு மட்டுமே கல்லச்சு; வண்ணம் கையால் தீட்டியது. விலை 1 ஷில்லிங், அன்றைக்கு அது அதிகம். பல வண்ணக் கல்லச்சு பெருகிய பிறகுதான் அட்டை எல்லோர் கைக்கும் வந்தது. அமெரிக்காவில் 1870-களில் அச்சக உரிமையாளர் லூயிஸ் ப்ராங் இதைப் பெரிதாக வளர்த்தார்.

கேள்வி: என்னிடம் இருப்பது அசலா, பிற்கால மறுபதிப்பா? எப்படிக் கண்டுபிடிப்பது ஐயா?

10 மடங்கு பெரிதாக்கும் சிறு லென்ஸ் போதும், நகை பார்ப்பவர்கள் வைத்திருப்பது. வரிசை தவறாத புள்ளிக் கட்டமோ, புள்ளிகள் சேர்ந்த சிறு பூ வடிவங்களோ தெரிந்தால் அது நான்கு வண்ண அச்சு. அளவு மாறி மாறி ஒழுங்கில்லாமல் கிடக்கும் புள்ளிகளும், இடையே கெட்டியான வண்ணப் பரப்பும் தெரிந்தால் கல்லச்சு. கையால் தீட்டியதில் வண்ணம் கோட்டைத் தாண்டியிருக்கும்; விளிம்பில் தேங்கிக் காய்ந்த கரை தெரியும்.

இன்னொரு சோதனை: இருட்டறையில் 365 நானோமீட்டர் புறஊதா டார்ச் அடியுங்கள் (கண்ணில் படாமல்). தாள் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டி இருக்கிறது. அது காகிதத்தில் புழக்கத்துக்கு வந்தது 1950-ஐ ஒட்டித்தான். ஒளிரவில்லை என்பதாலேயே பழையது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வெண்மையூட்டி சேர்க்காத தாள் இன்றும் கிடைக்கிறது.

கேள்வி: பொன்னிற எழுத்து பழுப்பாகிவிட்டது. துடைக்கலாமா?

கூடாது. அது பொன்னல்ல, செம்பும் துத்தநாகமும் சேர்ந்த தூள். பசை போன்ற மையை அச்சடித்து, ஈரம் காயுமுன் மேலே தூவியது. காற்றுபட்டு நிறம் மாறியிருக்கிறது. துடைத்தால் தூளே உதிரும், கீழே மஞ்சள் பசை மட்டும் மிஞ்சும். மற்ற இடங்களில் தூசி இருந்தால் மென்தூரிகையால் தட்டிவிடுங்கள், அதற்குமேல் கைவைக்க வேண்டாம்.

கேள்வி: ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். எடுப்பது எப்படி?

அட்டையை உரிக்காதீர்கள், ஆல்பத் தாளை உரியுங்கள். அந்தப் பக்கத்தை வெட்டியெடுத்து, அட்டையைத் துணிமேல் கவிழ்த்து வைத்து, ஆல்பத் தாளைச் சிறிது சிறிதாக, கிடைமட்டமாக மடித்து இழுத்துக் கிழியுங்கள். கடைசி மெல்லிய படலம் முதுகில் தங்கினால் தங்கட்டும். ஆவி காட்டினால் புடைப்பு அச்சு (மேடாக எழுப்பிய பகுதி) தட்டையாகிவிடும், வண்ணமும் பரவலாம்.

கேள்வி: லேமினேட் செய்து வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். சூடும் பசையும் ஏறியபின் திரும்ப வழியில்லை. அமிலமற்ற அட்டையோடு பாலியெஸ்டர் உறையில் வையுங்கள், பி.வி.சி. உறை நாளடைவில் ஒட்டிக்கொள்ளும். வெயில் படும் சுவரில் மாட்டினால் இளஞ்சிவப்புதான் முதலில் போகும். மாட்டியே ஆகவேண்டுமென்றால் ஸ்கேன் பிரதியை மாட்டுங்கள்.

கேள்வி: அந்த ஸ்கேனை எப்படி எடுப்பது? எனக்கு மங்கலாக வருகிறது.

600 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 600 புள்ளி), டிஃப் கோப்பு, தானியங்கி வண்ணத் திருத்தம் அணைத்து. மங்கலுக்குக் காரணம் அநேகமாக "டீஸ்க்ரீன்" வசதி. அது கட்டப் புள்ளிகளை அழிக்க வந்தது; கல்லச்சில் கட்டமே இல்லாததால் கைப்புள்ளிகளைத்தான் தின்கிறது. நான்கு வண்ண அச்சுக்கு மட்டும் அதைப் போடுங்கள். புடைப்பு அட்டையாக இருந்தால் மூடியை அழுத்தாதீர்கள்.

கேள்வி: கணினியில் இந்தத் தோற்றத்தோடு புதிதாக வரைய முடியுமா அக்கா, சார் யாராவது?

முடியும், வடிகட்டி (ஃபில்டர்) பொத்தானை நம்பாமல் இருந்தால். 8 நிறம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: மஞ்சள், தோல் நிறம், இரண்டு சிவப்பு, வெளிர்நீலம், பச்சை, சாம்பல், அடர்பழுப்பு. சுத்தக் கறுப்பு வேண்டாம். நிறத்துக்கு ஒரு லேயர், எல்லாம் "மல்டிப்ளை" (கீழ் நிறத்தோடு கலந்து அடர்த்தியாக்கும் முறை), அடியில் பாலேட்டு நிறத் தாள். நிழலைப் புள்ளித் தூரிகையால் கையாலேயே குத்துங்கள். கடைசியில் ஒரே ஒரு லேயரை, சிவப்பு என்றால் நல்லது, 0.2 மில்லிமீட்டர் நகர்த்துங்கள். எல்லாவற்றையும் நகர்த்தினால் பழைய அட்டை போலிருக்காது, மோசமாக அச்சான அட்டை போலிருக்கும்.