கிண்ணத்தை நக்குகிறானா, அதைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் லாப்ரடார் குட்டிக்கு 3 மாதம், எடை 9 கிலோ. வாங்கி வந்து 10 நாள் ஆகிறது. வாங்கிய இடத்தில் சோறும் வேகவைத்த கோழியும் போட்டு வளர்த்தார்களாம். நாங்கள் முதல் நாளிலிருந்தே ட்ரை ஃபுட்டைப் பாலில் ஊறவைத்துக் கொடுக்கிறோம். நான்கு நாளாக, நாளைக்கு ஐந்தாறு முறை பேதி. மஞ்சளாகப் போகிறது, சளி இருக்கிறது, நேற்று ஒரு சொட்டு ரத்தமும் பார்த்தோம். வயிறு கடமுடவென்று சத்தம் போடுகிறது, புல் மேய்கிறான். ஆனால் சாப்பிடுகிறான், விளையாடுகிறான். இணையத்தில் தேடினால் குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் நோய் என்று வருகிறது. 45 நாளில் ஒரு தடுப்பூசி போட்டார்கள், அடுத்தது இன்னும் போடவில்லை. வீட்டில் இருந்த, பேதியை நிறுத்தும் மாத்திரையில் பாதி கொடுத்தோம். குட்டி பிழைப்பானா டாக்டர்?
— வாசகி, ராசிபுரம்

பதில்: நாலு நாள் பேதிக்குப் பிறகும் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு விளையாட ஓடும் குட்டிக்குப் பார்வோ இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பார்வோ பெரும்பாலும் வேறு வரிசையில் வரும். முதலில் குட்டி சோர்ந்து படுக்கும், சோற்றை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பும், வாந்தி எடுக்கும். பேதி பல சமயம் அதற்கு ஒரு நாள் கழித்துத்தான் ஆரம்பிக்கும்.

அதனால் இனி எத்தனை முறை போகிறான், என்ன நிறம் என்று கணக்கு எழுதுவதை விட்டுவிட்டு, கிண்ணத்தைப் பாருங்கள். லாப்ரடார் செருப்பையும் விட்டுவைக்காத ஜாதி. அந்த ஜாதிக் குட்டி ஒரு வேளைச் சாப்பாட்டை மறுத்து, கூடவே ஒரு முறை வாந்தியும் எடுத்தால், காலை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அன்றே கிளம்புங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் சிகிச்சை வளாகம் உங்களுக்கு எட்டும் தூரம்தான். மலத்தில் சிறு குச்சி தொட்டுப் பார்க்கும் சோதனையில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் பார்வோ தெரிந்துவிடும். ஆரம்ப நாளில் சில சமயம் இல்லை என்று காட்டும். குட்டி துவண்டிருந்தால் அந்த முடிவை மட்டும் நம்பித் திரும்பி வராதீர்கள்.

இடையில் சந்தேகம் வந்தால் மேலுதட்டைத் தூக்கி ஈறைத் தொடுங்கள். வழவழவென்று ஈரமாக இருக்க வேண்டும். விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் உடம்பில் நீர் வற்றுகிறது என்று அர்த்தம். ரோஸ் நிறமாக இருக்கும் இடத்தில் விரலை அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வந்துவிட வேண்டும். சில குட்டிகளுக்கு ஈறு கறுப்பாகவே இருக்கும், ரோஸ் திட்டைத் தேடித்தான் அழுத்த வேண்டும்.

மற்றதெல்லாம் சில்லறைக் கவலை. தீனி வேகமாக இறங்கினால் மஞ்சளாகத்தான் போகும். புல் மேய்வது நாயின் வழக்கம். வயிற்றுச் சத்தம் வாயு. சளியோடு ஒட்டிவரும் ஒரு சொட்டுச் சிவப்பு ரத்தம், பெருங்குடல் முக்கி முக்கிப் புண்பட்டதால் வருவது. தண்ணீர் போன்ற மலம் முழுக்கச் சிவந்து, கிட்டே நிற்க முடியாதபடி நாறினாலோ, தார் போலக் கறுத்துப் போனாலோ அது வேறு கதை. அப்போது கிண்ணத்தைக்கூடப் பார்க்க வேண்டாம், வண்டியை எடுங்கள்.

பேதிக்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. குட்டியின் கணையமும் குடல் கிருமிகளும் சோற்றுக்கும் கோழிக்கும் பழகியவை. ஒரே நாளில் தீனியை மாற்றினால் செரிக்காத மிச்சம் பெருங்குடலுக்கு இறங்கி, தண்ணீரை இழுத்துக்கொண்டு, புளித்து வெளியே வரும். அது போதாதென்று பால் வேறு. தாய்ப்பால் மறந்த குட்டிக்குப் பாலிலுள்ள சர்க்கரையை உடைக்கும் நொதி நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகும். இன்றோடு பாலை நிறுத்துங்கள்.

பேதியைக் கட்டும் அந்த மாத்திரையையும் நிறுத்துங்கள். அரை மாத்திரையால் பெரிய கேடு வந்திருக்காது. ஆனால் அது குடலின் ஓட்டத்தைத்தான் கட்டிப்போடும், காரணத்தைத் தொடாது. உள்ளே கிருமி இருந்தால் அதன் நஞ்சையும் சேர்த்து அடைத்து வைக்கும். வீட்டில் மிச்சமிருக்கும் மெட்ரோனிடசோலைத் தேடப் போகிறீர்கள் என்று தெரியும், அதுவும் வேண்டாம். உணவு மாற்றத்தால் வரும் பேதிக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை, குடலின் நல்ல கிருமிகளும் சேர்ந்து சாகும். உடம்பு சுடுகிறதே என்று பாராசிட்டமாலோ ஐபுபுரூஃபெனோ கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அவை விஷமாகலாம். நாயின் சாதாரண வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கைக்கு எப்போதும் சுடத்தான் செய்யும்.

இந்த வயதுக் குட்டியைப் பட்டினி போடக் கூடாது, ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். குழைய வடித்த சோறு இரண்டு பங்கு, தோலும் எலும்பும் இல்லாமல் வேகவைத்த கோழி ஒரு பங்கு, பிசைந்து நாளைக்கு நான்கைந்து வேளை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் வேண்டாம். ருசிக்கு என்று வெங்காயம், பூண்டு போட்டு வேகவைக்கவே கூடாது, நாயின் ரத்தச் சிவப்பணுவை அவை உடைக்கும். ஒரு ஸ்பூன் புளிக்காத தயிர் சேர்த்தால் தவறில்லை, மருந்து என்று நினைத்துக் கிண்ணம் நிறைய ஊற்றாதீர்கள். தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். ஓஆர்எஸ் கரைத்தால் பொட்டலத்தில் போட்ட அளவுத் தண்ணீரில் கரைத்து வையுங்கள், தானாக நக்கட்டும். வாயைப் பிளந்து ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும்.

இரண்டு மூன்று நாளில் மலம் உருண்டுவிட வேண்டும். உருண்ட பிறகு ட்ரை ஃபுட் கால் பங்கு, கோழிச் சோறு முக்கால் பங்கு. மூன்று நாள் கழித்துப் பாதிக்குப் பாதி, இன்னும் மூன்று நாள் கழித்து முக்கால் பங்கு, பத்தாம் நாள் முழுவதும். வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்தால் போதும். அரை மணி நேரத்தில் தின்னாததை எடுத்துக் கொட்டிவிடுங்கள், நம் ஊர் வெயிலில் ஊறிய தீனி சீக்கிரம் கெடும். எந்தப் படியில் மறுபடி இளகுகிறதோ, அதற்கு முந்தைய படிக்குத் திரும்பி இரண்டு நாள் நில்லுங்கள்.

அளவும் முக்கியம். பையில் அச்சிட்டிருப்பது ஒரு நாளைய மொத்தம். அதை ஒரு வேளைக்கு என்று எடுத்துக்கொண்டு போடுகிறவர்கள் ஏராளம். 9 கிலோக் குட்டிக்குக் குட்டித் தீனி நாளைக்கு ஏறக்குறைய 250 முதல் 300 கிராம், அதை நான்காகப் பிரியுங்கள். கோழிச் சோறே ஒத்துக்கொள்கிறது என்று மாதக்கணக்கில் அதிலேயே நின்றுவிடாதீர்கள். அதில் கால்சியம் போதாது, வளரும் கால் வளையும்.

மூன்று நாளிலும் உருளாவிட்டால் மலப் பரிசோதனை செய்யுங்கள். கொக்கிப்புழு, காக்சிடியா, ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணிகள் மூன்றும் இந்த வயதில் சகஜம். பூச்சி மருந்து எப்போது கொடுத்தார்கள் என்று வாங்கிய இடத்தில் கேட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது அந்த ஊசி விஷயத்தில். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி 45 நாளில் போட்ட மருந்தை வேலை செய்யவிடாமல் தடுக்கலாம். அதனால்தான் மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை போடுகிறோம். உங்கள் குட்டிக்கு இரண்டாவது ஊசி ஏற்கெனவே தள்ளிப்போய்விட்டது. மலம் கெட்டியான வாரமே போட்டுவிடுங்கள். அதுவரை தெருவில் இறக்கி நடத்த வேண்டாம். மருத்துவமனைக்குப் போகும்போது ஊசி அட்டையையும் காலை மலத்தைச் சின்ன டப்பாவிலும் எடுத்துப் போங்கள், குட்டியைக் கையிலேயே வைத்திருங்கள். பார்வோக் குட்டிகள் வந்துபோகும் தரை அது, தடுப்பு முழுமையாகாத குட்டி அதில் கால் வைக்கக் கூடாது.